பனியாறு கொட்டிவிட்டுப் போன சரளை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் கெட்டில் மொரைன் காட்டுக்கு முதல் தடவை போனபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பனியுகத்தில் பனியாறு, அதாவது மெல்ல நகர்கிற பெரிய பனிப்பாளம், உருவாக்கிய நிலம், அந்த நிலத்தின் வடிவத்துக்காகவே பாதுகாக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மில்வாக்கியிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். மனதில் இருந்ததெல்லாம் யோசெமிட்டி மாதிரி செங்குத்துப் பாறை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். அங்கே இருந்தது ஓக் மரக்காடு. அதற்குள் மேடு, பள்ளம், குட்டை, மறுபடி மேடு. ஜூலை மாதம் வேறு, இலை அடர்ந்துபோய் 20 அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கொசுக்கடி தாங்காமல் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் ‘அங்கே பார்க்க ஒன்றுமில்லை’ என்றுதான் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது தவறு. அதைத் திருத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமனார் பேத்தியைப் பார்க்க ஏப்ரல் மாதம் வந்தார். முசிறிப் பக்கத்துக்காரர், 40 வருடம் ரோடு போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ‘எங்கயாச்சும் நடக்கற மாதிரி இடமாப் பாருங்க மாப்ள’ என்றார். மலை ஏறவும் கூடாது, ரொம்ப தூரமும் கூடாது என்று யோசித்ததில் இந்தக் காடுதான் நினைவுக்கு வந்தது. சும்மா நடப்பதற்கு என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ஏப்ரலில் விஸ்கான்சினில் மரங்கள் இன்னும் துளிர்த்திருக்காது. பனி உருகிவிட்டிருக்கும், இலை வந்திருக்காது, இரண்டு மூன்று வாரம் நிலம் அப்படியே உடம்பைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஜூலையில் வெறும் காடாகத் தெரிந்த இடத்தில் இப்போது மேடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பட்லர் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, பாதை ஏறுகிற ஒரு நீளமான கரை மேல் நடந்தோம். ஏரிக்கரை மாதிரியே இருந்தது. மேலே ஒரு ஆள், கூடிப்போனால் இரண்டு ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் சரிவு, நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது. குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போன மாமா ஒரு இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து, வேரில் இருந்த மண் உதிர்ந்து, அடியில் சரளை தெரிந்தது. ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

‘இது ஆத்துக் கல்லு மாப்ள.’

ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே உருண்டை. மணல் ஒரு அடுக்கு, பட்டாணி அளவில் ஒரு அடுக்கு, எலுமிச்சை அளவில் ஒரு அடுக்கு. ‘தண்ணி சலிச்சு வச்சிருக்கு. அது சரி, இங்க ஆறு எங்க ஓடுது? இது மேடால்ல இருக்கு? மேட்டு மேல ஆறு எப்படி ஓடும்?’

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அன்று தெரியாது. சாலையோரம் இருந்த தகவல் பலகையைப் படித்து, அங்கிருந்து டண்டீ ஊருக்கு அருகே 67ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஹென்றி ராய்ஸ் பனியுகப் பார்வையாளர் மையத்துக்குப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் நடந்தது பார்னெல் எஸ்கர் என்ற மேடு. சுமார் 4 மைல் நீளம், உயரம் இடத்துக்கு இடம் மாறும், அதிகபட்சம் 35 அடி. அங்கே உண்மையிலேயே ஆறு ஓடியிருக்கிறது, ஆனால் தரையில் இல்லை, பனிக்கு அடியில். பல நூறு அடி தடிமனுள்ள பனிப்பாளம் மெல்ல உருகும்போது உருகிய தண்ணீர் பனிக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி பண்ணிக்கொண்டு ஓடும். ஓடுகிற வேகத்தில் மண்ணையும் கல்லையும் அள்ளிவந்து அந்தச் சுரங்கத்தின் தரையில் படுகையாகப் போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு பனி முழுக்க உருகிவிடுகிறது. இரண்டு பக்கத்துப் பனிச்சுவரும் இல்லை, மேல் கூரையும் இல்லை. ஆற்றுப் படுகை மட்டும் ஆறில்லாமல் மேடாக மிஞ்சுகிறது. வளைந்து வளைந்து போவதற்குக் காரணமும் அதுதான், ஆறு வளைந்தபடி ஓடியிருக்கிறது.

இதை மாமாவுக்குச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை, திருப்திப்பட்டார். கல்லைப் பார்த்து அவர் சொன்னது சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க அவர்தான் எனக்குக் காட்டினார். வேறொரு மேட்டில் மண் சரிந்திருந்த இடத்தில் நின்று, ‘இது வேற’ என்றார். களிமண், மணல், முனை மழுங்காத கல், நடுவில் அண்டா அளவில் ஒரு பாறை, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ‘இத யாரும் சலிக்கல. வாரிக் கொட்டுனது.’ பனி நேரடியாகக் கொண்டுவந்து போட்ட மண் அப்படித்தான் இருக்கும். பனிக்குச் சின்னது பெரியது தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுமக்கும், உருகும்போது ஒரே இடத்தில் போட்டுவிடும். தண்ணீர் மட்டும்தான் கனம் பார்த்துப் பிரிக்கும். உருண்டை என்றால் தண்ணீர், முனையும் களிமண்ணும் கலந்திருந்தால் பனி. இந்த ஒன்று தெரிந்தால் போதும், காட்டில் பாதியைப் படித்துவிடலாம்.

மொரைன் என்றால் அப்படிப் பனியாறு கொட்டிவிட்டுப் போகிற குவியல். பொதுவாக அது பனியின் முன் விளிம்பில் உருவாகும். இங்கே கொஞ்சம் விசேஷம். கனடாவிலிருந்து இறங்கிய பெரிய பனிப்பாளம் விஸ்கான்சினுக்குள் வரும்போது விரல் விரலாகப் பிரிந்தது. ஒரு விரல் இப்போது மிச்சிகன் ஏரி இருக்கும் பள்ளம் வழியாக வந்தது, இன்னொன்று மேற்கே கிரீன் பே பள்ளம் வழியாக. இரண்டும் பக்கவாட்டில் வந்து உரசிக்கொண்ட கோட்டில் இரண்டு பக்கத்துச் சரக்கும் கொட்டி, உருகிய தண்ணீரும் அங்கேயே ஓடி, 100 மைலுக்கும் அதிக நீளத்தில் ஒரு மேட்டுத் தொடர் உருவாகிவிட்டது. பார்னெல் கோபுரம் என்று மரத்தால் ஆன 60 அடி உயரக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதில் மூச்சு வாங்க ஏறி நின்றுகொண்டு, கிழக்கே ஒரு பனி, மேற்கே ஒரு பனி, நடுவில் இது என்று கையைக் காட்டிச் சொன்னேன். மாமா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘அப்ப நாம நிக்கறது வரப்பு’ என்றார். நான் படித்த எந்த விளக்கத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

கெட்டில் என்கிற பெயரையும் சொல்லவேண்டும். டீ போடுகிற கெட்டில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்கள் மரத்தை எரித்துச் சாம்பலைக் கரைத்துப் பொட்டாஷ் காய்ச்சினார்கள், அதற்குப் பயன்பட்டது பெரிய இரும்புக் கொப்பரை. காட்டில் வட்டவட்டமாகக் கிடந்த பள்ளங்கள் அந்தக் கொப்பரை மாதிரி இருந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தப் பள்ளங்கள் எப்படி வந்தன என்பதை 1860 வாக்கில் சார்லஸ் விட்டில்சி என்ற நிலவியலாளர் எழுதினார். பனி பின்வாங்கும்போது பெரிய பெரிய பனிக்கட்டித் துண்டுகள் உடைந்து தனியாக நின்றுவிடும். அதன் மேல் உருகிய தண்ணீர் சரளையைக் கொண்டுவந்து மூடிவிடும். மண்ணுக்குள் புதைந்த பனி லேசில் உருகாது, நம் ஊரில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் போட்டு வைப்பார்களே, அதே கதைதான். நூற்றாண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்து, மெல்ல மெல்ல உருகி, மேலே இருந்த மண் உள்வாங்கிக் கொப்பரையாகிவிடும். சிலவற்றில் தண்ணீர் நின்று ஏரி, சிலவற்றில் சதுப்பு, சில வெறும் பள்ளம். கிரீன்புஷ் கெட்டில் என்ற பள்ளம் சாலையை ஒட்டியே இருக்கிறது, இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது, அந்தப் பள்ளத்தின் அளவுக்கு ஒரு பனிக்கட்டி அங்கே கிடந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். பனி போய்விட்டது, அதன் அச்சு மட்டும் மண்ணில் இருக்கிறது.

விட்டில்சிக்குப் பிறகு இந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார், தாமஸ் சேம்பர்லின். விஸ்கான்சினின் பெலாய்ட்டில் வளர்ந்தவர். 1870களில் இந்த மேட்டைத் தொடர்ந்து போய், இது ஏதோ உள்ளூர்க் குவியல் இல்லை, கண்டத்தின் குறுக்கே பல மாநிலங்களைத் தாண்டிப் போகும் ஒரு விளிம்பின் பகுதி என்றும், பனி ஒரு தடவை இல்லை, பல தடவை வந்து போயிருக்கிறது என்றும் காட்டினார். வட அமெரிக்காவில் கடைசியாக வந்த பனிக்காலத்துக்கே விஸ்கான்சின் என்று பெயர். அதற்கு இந்தச் சரளை மேடு ஒரு முக்கியக் காரணம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். செங்குத்துப் பாறையைப் பாதுகாப்பது ஒப்பீட்டளவில் சுலபம். பார்த்த உடனே எவருக்கும் புரியும், படம் எடுப்பார்கள், தபால்தலை வரும். சரளை மேட்டை யார் பாதுகாப்பார்கள்? அதுவும் கான்கிரீட்டுக்கும் ரோட்டுக்கும் நல்ல சரக்கு. எஸ்கர் என்பது ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கடவுள் கொடுத்த வரம். தண்ணீரே கழுவிச் சலித்து, தரைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில் குவித்து வைத்திருக்கிறது. வெடி வைக்கவேண்டாம், ஆழமாகத் தோண்டவேண்டாம், லோடர் விட்டு அள்ளினால் போதும். கேம் என்று சொல்கிற கூம்பு வடிவக் குன்றுகளும் அப்படித்தான். பனியில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழே கொட்டும்போது சரளையையும் சேர்த்துக் கொட்டி, லாரியிலிருந்து இறக்கிய ஜல்லி மாதிரி குவித்துவிடும். டண்டீ மலை என்று சொல்லப்படும் கேம் சுமார் 250 அடி உயரம். இப்படிப்பட்ட எஸ்கர்களும் கேம்களும் பனி வந்துபோன நாடுகளில் எல்லாம் வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கெட்டில் மொரைனிலும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே சரளைக் குழிகளைப் பார்க்கலாம். நாம் வண்டி ஓட்டிப் போகிற ரோட்டுக்கு அடியில் எத்தனை எஸ்கர் இருக்கிறதோ.

மாமாவுக்கு இதை நான் விளக்கவேண்டி வரவில்லை. டண்டீ மலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவராகவே சொன்னார்: ‘எங்க ஊருக்கு மேற்க ரெண்டு கரடு இருந்துச்சு மாப்ள. சின்னப் புள்ளையா ஆடு ஓட்டிட்டுப் போவோம். இப்ப ரெண்டும் ரோட்டுக்குள்ள கிடக்கு. நானும்தான் போட்டேன்.’ பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சரளையைக் காப்பாற்றலாம் என்று நினைத்த மனிதரைப் பற்றி அன்றிரவு தேடிப் படித்தேன். ரே ஸில்மர், மில்வாக்கியில் வழக்கறிஞர். ஓய்வு நேரத்தில் கனடாவின் மலைகளில் ஏறியவர், பனியாற்றை நேரில் பார்த்தவர். விஸ்கான்சினில் பனி நின்ற கடைசி விளிம்பு முழுவதையும், மாநிலத்தின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஒரு ரிப்பன் மாதிரி தேசியப் பூங்காவாக்கி, அதன் நீளத்துக்கும் மக்கள் நடக்க ஒரு பாதை போடவேண்டும் என்பது அவர் யோசனை. அதற்காக 1958இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1960இல் இறந்துவிட்டார். அரசும் அவர் கேட்டதை அப்படியே கொடுக்கவில்லை, நீளமான பூங்கா நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. ஹென்றி ராய்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கையில் எடுத்தார், 1964 அக்டோபரில் பனியுக தேசிய அறிவியல் காப்பகம் என்ற பெயரில் 9 இடங்களைக் காக்கச் சட்டம் வந்தது. கெட்டில் மொரைன் காட்டின் வடக்குப் பகுதி அதில் ஒன்று. ஸில்மர் கனவு கண்ட பாதை 1980இல் தேசியப் பாதையாக அங்கீகரிக்கப்பட்டது, 2023 டிசம்பரில்தான் தேசியப் பூங்கா அமைப்பின் முழு உறுப்பானது. ஒருவர் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் 60 வருடத்துக்கு மேல்.

அதே 1964 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஒரு திருட்டுக்கும் இந்தச் சரளைக்கும் தொடர்பு உண்டு. கெட்டில் மொரைனின் தெற்குப் பக்கத்தில் ஈகிள் என்று ஒரு ஊர். 1876இல் அங்கே கிணறு வெட்டும்போது சரளைக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கல் வந்தது. அந்த வீட்டு அம்மாள் அதை மில்வாக்கி நகைக்கடைக்காரர் ஒருவரிடம் 1 டாலருக்கு விற்றுவிட்டார். அது 16 காரட் வைரம். தெரிய வந்ததும் வழக்கெல்லாம் நடந்து, அந்த அம்மாளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கைமாறிக் கைமாறி நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது, 1964இல் அங்கிருந்து வேறு ரத்தினங்களோடு திருடு போனது. மற்ற பெரிய கற்களில் பல திரும்பி வந்தன, இது வரவில்லை. வெட்டித் துண்டாக்கியிருப்பார்கள் என்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது திருட்டு இல்லை. அந்த வைரம் எங்கே பிறந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை என்பதுதான். வடக்கே எங்கிருந்தோ பனி தூக்கிவந்து, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக இங்கே போட்டுவிட்டது. வழியில் எங்கே எடுத்தது என்று கேட்க ஆளில்லை.

இதைச் சொன்னதும் மாமா அடுத்த நாள் முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார் என்று என் மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அவர் அதற்கு முன்பும் அப்படித்தான் நடந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரத்துக்குள் போங்கள், இல்லையென்றால் இலை உதிர்ந்த பிறகு நவம்பரில். அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் வரும், அழகுதான், ஆனால் நிலம் தெரியாது. முதலில் பார்வையாளர் மையம், அப்புறம் பார்னெல் எஸ்கர், அப்புறம் கோபுரம். ஓக் விதை வடிவத்தில் சாலையோரம் பலகைகள் இருக்கும், அவற்றைப் பின்தொடர்ந்தாலே முக்கியமான இடங்கள் வந்துவிடும். நேரம் இருந்தால் தெற்கே ஹோலி ஹில் பசிலிக்கா வரை போய் வாருங்கள், அந்த மாதா கோயில் நிற்பதும் ஒரு கேம் உச்சியில்தான். மாமா படி ஏறும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டார்.

அந்த 9 இடங்களில் நாங்கள் இன்னும் பார்க்காதது மிச்சிகன் ஏரிக் கரையில் இருக்கும் டூ கிரீக்ஸ். பனி கொஞ்சம் பின்வாங்கி இடம் கொடுத்தபோது அங்கே ஸ்புரூஸ் மரக்காடு ஒன்று முளைத்து வளர்ந்திருக்கிறது. பிறகு ஏரி மட்டம் உயர்ந்து காட்டை மூழ்கடித்து, பனி மறுபடி வந்து மரங்களைச் சாய்த்துக் களிமண்ணுக்குள் புதைத்துவிட்டது. ஏறத்தாழ 14,000 வருடத்துக்கு முந்தைய கட்டைகள், இன்றும் மரமாகவே. கார்பன் முறையில் வயது கணிப்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் அந்தக் கட்டைகளைத்தான் சோதித்துப் பார்த்தார்கள், பனியுகம் முன்பு நினைத்ததைவிட வெகு சமீபத்தில்தான் முடிந்தது என்று தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் அங்கேதான் போகவேண்டும் என்று மாமா இப்போதே சொல்லிவிட்டார்.

பனியுகப் பாதை முழுசாக முடிந்தால் சுமார் 1,200 மைல். இன்றைக்கு மஞ்சள் பட்டை அடித்து நடக்கத் தயாராக இருப்பது பாதிக்குச் சற்று மேல்தான், மிச்சமெல்லாம் ரோட்டோரமாக நடந்து அடுத்த துண்டைப் பிடிக்கவேண்டும். நடுவில் இருப்பது தனியார் நிலம், ஒவ்வொரு துண்டாகப் பேசி வாங்கித்தான் சேர்க்கிறார்கள். பாதை வெட்டுவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் போனேன். சரிவில் பாதை வெட்டும்போது வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்து வெட்டவேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் பாதையிலேயே ஓடி அரித்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கையெல்லாம் கொப்புளம். அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

‘அடிக்கு எவ்வளவு சாய்ப்பு விட்டாங்க?’

‘அரை இன்ச் மாமா.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை, மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. ‘சரிதான்’ என்றார். ‘மேல்பக்கக் கல்லு உருண்டையா இருந்தா கொஞ்சம் சேத்து விடச் சொல்லுங்க.’